பாலத்துக்கு அந்தப் பக்கம்

ஜோகூர் பாருவில் கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, நாலு பேர் கூடினால் பேச்சு பத்து நிமிடத்தில் பாலத்தில் ஏறிவிடும். யார் மகன் சிங்கப்பூர் போய்விட்டான், என்ன சம்பளம், அதை மூன்றால் பெருக்கினால் எவ்வளவு? மாசாய், ஸ்கூடாய், உலு திராம் தாமான்களில் இந்த வாய்ப்பாடு தெரியாத வீடு கிடையாது. உள்ளூர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் பையன் அந்த நேரத்தில் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். ஒரு தப்பும் செய்யாதவன், எதையோ கோட்டை விட்டவன் மாதிரி.

மற்றவர்களுக்கெல்லாம் கிடைத்துவிட்டது, நமக்கு மட்டும் கைநழுவிப் போகிறது என்ற இந்தப் பதற்றத்தை அளக்க, 2013-இல் பிரிட்டன் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர்கள் தலைமையிலான குழு ஒன்று பத்து வாசகங்கள் கொண்ட அளவுகோலை வெளியிட்டது. தன் வாழ்க்கை தன் கையில் இல்லை, தனக்குத் திறமை போதாது, தனக்கென்று ஆள் இல்லை என்று உணர்கிறவர்களிடம் இந்தப் பதற்றம் கூடுதலாக இருப்பதை அவர்கள் கண்டார்கள். பேராசைக்காரர்களின் நோய் என்று இதை ஒதுக்க முடியாது. ஏற்கெனவே மனம் சோர்ந்திருப்பவனைத்தான் இது தேடிப் பிடிக்கிறது. பிடித்த பிறகு அடுத்த வேலையை அவனே செய்துகொள்கிறான்: ‘நான் சோம்பேறி, துணிச்சல் இல்லாதவன், ஒண்ணுக்கும் உதவாதவன்.’

இந்தத் திட்டலுக்கு முன் கொஞ்சம் வரலாறு பார்ப்பது நல்லது. 1973 மே மாதம் வரை மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. பாலம் அப்போதும் இருந்தது, 1924-இலேயே அதிகாரபூர்வமாகத் திறந்துவிட்டார்கள். அதாவது நம் தாத்தா காலத்தில் பாலத்தைத் தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் வெள்ளி வெள்ளிதான். அந்த ஏற்பாடு முடிந்தபின் இரண்டு நாணயங்களும் தனித்தனி வழியில் போயின. 2024 தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.5 ரிங்கிட்டுக்கும் மேல் கொடுக்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகளாக இரு நாடுகளின் பொருளாதாரம் போட்ட இடைவெளி அது. குலுவாங்கில் மெக்கானிக்காக இருக்கும் ஒருவன் காலையில் கொஞ்சம் தாமதமாக எழுந்ததால் அது வந்துவிடவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கே வேண்டாம், மனத்தைத் தேற்றிக்கொள் என்று சொல்கிற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்கை முழுசாகப் போட வேண்டும் என்பதுதான் என் கட்சி.

கூடிப் பேசும்போது பெருக்குகிறோம், கழிப்பதில்லை. நிரந்தரவாசத் தகுதி இல்லாமல் ஒர்க் பெர்மிட்டில் சிங்கப்பூரில் வேலை செய்யும் மலேசியருக்கு அங்கே சிபிஎஃப் என்ற சேமநிதிப் பிடித்தம் கிடையாது, முதலாளி பங்கும் கிடையாது. இங்கே 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சம்பளம் வாங்குகிறவருக்கு முதலாளி 13 விழுக்காடு சேமநிதி (இபிஎஃப்) கட்டுகிறார், தொழிலாளி பங்கு 11 விழுக்காடு. அங்கே போனவர் தானாக முன்வந்து இபிஎஃபில் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் அறுபது வயதில் கை வெறுங்கை. அப்படித் தானாகப் போடுவதற்கு ஆண்டுக்கு 100,000 ரிங்கிட் வரை இடமிருக்கிறது, ஆனால் போடுகிறவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, இங்கே வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் மோட்டாரிலிருந்து விழுந்தாலும் பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. சிங்கப்பூரின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டுத் தொழிலாளரையும் காக்கிறது, ஆனால் வேலையில் நடக்கும் விபத்துக்குத்தான். சொந்த மோட்டாரில் போகும் வழி பொதுவாக அதில் சேராது. விடியாத இருட்டில், மழையில், ஆயிரக்கணக்கான மோட்டார்களுக்கு நடுவே பாலத்தைக் கடப்பவர்கள் இதை ஒரு தடவையாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதையெல்லாம் கழித்த பிறகும் பலருக்கு அந்தப் பக்கம்தான் லாபமாக வரும். அப்படி வந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் போனவர்களை உட்கார வைத்துப் பேசிப் பாருங்கள், அவர்களுக்கும் இதே பதற்றம், வேறு பெயரில். விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்து, இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பி, பிள்ளையின் தூங்குகிற முகத்தை மட்டும் பார்க்கிற அப்பா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் மகள் ஓடியதை வாட்ஸ்அப்பில்தான் பார்க்கிறார். அவரும் தன்னைத் திட்டிக்கொள்கிறார். ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிற பாலத்தின் இரண்டு கரையிலும் ‘நான் எதையோ இழக்கிறேன்’ என்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், கோளாறு தனி ஆளிடம் மட்டும் இருக்க முடியாது.

திட்டினால்தான் உருப்படுவோம் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. எஸ்பிஎம் முடிவு வந்த அன்று பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை ‘ஏ’ என்று கேட்காத அம்மா உண்டா? அந்தக் குரல் பிறகு நம் சொந்தக் குரலாகவே மாறி உள்ளே குடியேறிவிடுகிறது. அது உண்மையில் உதவுகிறதா என்று 2012-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்களுக்குக் கடினமான சொல் தேர்வு ஒன்றைக் கொடுத்துத் திணற வைத்தார்கள். பிறகு ஒரு பகுதியினரிடம், இது எல்லாருக்கும் கஷ்டமான தேர்வுதான், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம் என்றார்கள். அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் படித்தவர்கள் அந்தப் பகுதியினர்தான். தன்னிடம் இரக்கம் காட்டினால் ஆள் மெத்தனமாகிவிடுவான் என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

செய்து பார்க்க ஒரு வழி உண்டு. மனத்தில் ஓடும் திட்டை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள், கெட்ட வார்த்தை இருந்தால் அதையும் சேர்த்து. பிறகு அதே நிலைமையில் உங்கள் சொந்தத் தம்பி இருந்தால் என்ன சொல்வீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. இரண்டாவதில்தான் அடுத்து என்ன செய்யலாம் என்ற விஷயம் இருக்கும்.

இந்தப் பதற்றத்துக்குத் தீனி போடுகிற கைத்தொலைபேசியைத் தூக்கிப் போடு என்றும் நான் சொல்லப்போவதில்லை, வேலை ஆர்டரே அதில்தான் வருகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடந்து, 2018-இல் வெளியான ஆய்வில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்குப் பத்து நிமிடம் என்று மூன்று வாரம் கட்டுப்படுத்தியவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. எனக்கு அதைவிடச் சுவையாகப் பட்டது வேறு. கட்டுப்பாடே இல்லாமல், எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதை மட்டும் கவனித்துவந்தவர்களுக்கும் இந்த விட்டுப்போகும் பயம் குறைந்திருந்தது. கணக்கெடுத்ததே பாதி மருந்தாகியிருக்கிறது.

பயம் இருக்கிற இடத்தில் அதை விற்றுப் பிழைக்கிறவர்களும் இருப்பார்கள். ‘இன்னிக்கே கடைசி, நாளைக்கு இடம் இல்லை, அண்ணே’ என்று எவன் சொன்னாலும் அங்கே நிறுத்திவிடுங்கள். சிங்கப்பூர் வேலை என்று முன்பணம் கேட்கிற ஏஜெண்டின் உரிமத்தை அந்நாட்டு மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். உரிமம் பெற்ற ஏஜெண்ட் தொழிலாளியிடம் ஓர் ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம் வரைதான் வாங்கலாம். ‘பெர்மிட் பிறகு வரும், இப்போதைக்கு விசிட் பாஸில் வேலை செய், கையில் காசு’ என்பது பொறி. முறையான பாஸ் இல்லாமல் அங்கே வேலை செய்து பிடிபட்டால் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பிடிபடுவது ஏஜெண்ட் அல்ல, நீங்கள்.

முதலீட்டு ஆசை காட்டுகிறவர்களும் இதே நூலைத்தான் இழுக்கிறார்கள். குழுவில் யாரோ லாபம் எடுத்த படத்தைப் போடுவார்கள், நாம் மட்டும் வெளியே நிற்கிறோம் என்று தோன்றும். பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல்களை வெளியிட்டு வைத்திருக்கின்றன, பணம் போடுவதற்கு முன் பெயரைத் தேடிப் பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 997-ஐ அழைக்க வேண்டும். அது மோசடிக்கான தேசிய எதிர்வினை மையம். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க முடியுமா என்பதுதான் அங்கே பந்தயம். ‘ஏமாந்த முட்டாள்’ என்று நம்மை நாமே திட்டிக்கொண்டு கழிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். கடன் கழுத்தை நெரித்தால் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே இருக்கிறது, ஆலோசனைக்குக் காசு கிடையாது.

எந்தக் கட்டத்தில் இந்தப் பதற்றம் மருத்துவரிடம் போகிற விஷயம் ஆகிறது? தூக்கம், பசி, வேலையில் பிடிப்பு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து குலைந்திருந்தால், இனித் தாளும் பேனாவும் போதாது. 2019-இல் மலேசியாவில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு இருந்த மனச்சோர்வு, 2023 தேசிய சுகாதார ஆய்வில் 4.6 விழுக்காடாக இரட்டித்திருந்தது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர். நீங்கள் தனி ஆள் இல்லை.

நம் ஆட்களை மருத்துவரிடம் போகவிடாமல் தடுப்பது மூன்று பயங்கள். ஒன்று, பெயர் கெட்டுவிடும், தம்போய் கேஸ் என்று கேலி செய்வார்கள். உண்மையில் முதல் வாசல் தம்போய் பெர்மாய் மனநல மருத்துவமனை அல்ல, வீட்டுப் பக்கத்து அரசாங்கக் கிளினிக். குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட். தேவையென்றால் அங்கிருந்து கடிதம் கொடுத்து நிபுணரிடம் அனுப்புவார்கள். தனியாரிடம் கவுன்சலிங் போனால், 1998-ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டப்படி பதிவும் நடப்புத் தொழில் சான்றும் உள்ளவர்தானா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டாம்.

இரண்டாவது, வேலை போய்விடும். வேலைவாய்ப்புச் சட்டப்படி சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு, உடம்புக்கா மனத்துக்கா என்று சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. 2023 முதல் வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரும் 2025 ஜனவரியில், மனநலக் காரணத்துக்காகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது.

மூன்றாவது, போலீஸ். உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வதை ஓராண்டுச் சிறைக்குரிய குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்டால் கேஸ் போடுவார்கள் என்று இன்னும் சொல்கிறவர்கள் பழைய மலேசியாவைச் சொல்கிறார்கள். பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரமும் கிடைப்பார்கள், சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி 15555. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது 1771 அல்லது 1767.

திட்டு வெளியிலிருந்து, அதுவும் கைத்தொலைபேசி வழியாக வந்தால் அதற்கும் இப்போது சட்டம் இருக்கிறது. இணையவழித் துன்புறுத்தலுக்கு ஆளான டிக்டாக் பிரபலம் இஷா என்ற ராஜேஸ்வரி 2024 ஜூலையில் இறந்தார். அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 100 ரிங்கிட். நாடே கொதித்தது. தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட புதிய பிரிவுகள் 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன, கடுமையான வழக்குகளில் பத்தாண்டு வரை சிறை. பதிவுகளைக் கோபத்தில் அழித்துவிடாமல் படமெடுத்து வைத்துக்கொண்டு போலீசில் புகார் செய்யுங்கள்.

மறுபடி கிளினிக்குக்கு வருவோம். கவுண்டரில் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் பலர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். நீளக் கதை எதுவும் வேண்டாம். மலாயில் ‘தா போலே தீடோர், சூடா டுவா மிங்கு’, அதாவது தூக்கம் இல்லை, இரண்டு வாரம் ஆச்சு, என்றால் போதும். மனநிலையைப் பற்றிய சில கேள்விகளை அவர்களே கேட்பார்கள். தாளைக் கொடுத்தால், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று வட்டமிடாமல், போன இரண்டு வாரம் எப்படி இருந்ததோ அப்படியே நிரப்புங்கள்.