டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு மட்கார்டு போடலாமா?

மழைக்காலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் சைக்கிளை விட்டுப் பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது அவர்கள் முதுகைப் பாருங்கள். வெள்ளைச் சட்டையின் நடுவில், இடுப்பில் தொடங்கிப் பிடரி வரை செம்மண் சேறு ஒரே கோடாக ஏறியிருக்கும். தாய்மார்களுக்குத் தெரியும், அது லேசில் போகிற கறை அல்ல. சவுக்காரத்தில் ஊறவைத்து பிரஷ் போட்டுத் தேய்த்தால் சட்டைதான் நைந்து போகும். செம்பனைக் காட்டுக்கு விடியற்காலையில் சைக்கிளில் போகிறவர் கதையும் அதுதான். பிரட்டுக்கு வந்து நிற்பதற்குள் பாதி நனைந்துவிடுகிறார்.

சைக்கிளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றைக்குத் தோட்டத்திலும் சரி, தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்கள் வீட்டிலும் சரி, பெரும்பாலும் நிற்பது தடித்த டயர் போட்ட மவுண்டன் பைக்தான். முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த போர்க். எல்லாம் இருக்கிறது, மட்கார்டு மட்டும் இல்லை. கடையில் கேட்டால், "இதுக்கு மட்கார்டு வராது அண்ணே, டிஸ்க்ல இடிக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து நம்மவர் சும்மா இருப்பாரா? பழைய சைக்கிளின் மட்கார்டைக் கழற்றி, கம்பியை வளைத்து, கிடைத்த போல்ட்டில் மாட்டி, "பார்த்தியா, வந்திடுச்சி" என்கிறார்.

கடைக்காரர் சொல்வதும் சரியில்லை, நம்மவர் செய்வதும் சரியில்லை. டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு மட்கார்டு தாராளமாகப் போடலாம். ஆனால் பழைய சைக்கிளுக்குப் போட்ட மாதிரி போடக் கூடாது. அப்படிப் போட்டால் சட்டை தப்பிக்கும், பிள்ளையின் பல் தப்பிக்காது.

தாத்தா காலத்து ராலே சைக்கிளை நினைத்துப் பாருங்கள். இரும்பு மட்கார்டு, கம்பி பிரேக். அந்த ரகச் சைக்கிள்களில் பலவற்றுக்கு மட்கார்டுக் கம்பியின் நுனியைச் சக்கரத்து நட்டுக்கு அடியிலேயே மாட்டி இறுக்கிவிடுவார்கள். ஒரே நட்டு சக்கரத்தையும் பிடிக்கும், மட்கார்டையும் பிடிக்கும். அதில் தவறில்லை. ஏனென்றால் அந்தப் பிரேக் பிடித்தது ரிம்மை. அச்சுக்குப் பக்கத்தில் பிரேக்கின் வேலை எதுவுமே நடக்கவில்லை.

டிஸ்க் பிரேக்கில் எல்லா வேலையும் அச்சுக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. சக்கரத்தின் இடப்பக்கத்தில் மெல்லிய எஃகுத் தட்டு ஒன்று சுற்றும். நமது சைக்கிள்களில் பெரும்பாலும் 160 மில்லிமீட்டர் குறுக்களவு. அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கிதான் காலிபர். முன்பக்கம் அது இடது போர்க் காலின் பின்புறத்தில் இருக்கும். சக்கரம் முன்னோக்கி ஓடும்போது, அந்த இடத்தில் தட்டு கீழேயிருந்து மேலே போய்க்கொண்டிருக்கும். காலிபர் கவ்வினால் தட்டைக் கீழ்ப்பக்கமாகத் தடுக்கிறது. அந்த விசை எங்கே போகும்? சக்கரத்து அச்சைப் போர்க்கின் வாயிலிருந்து வெளியே தள்ளத்தான் பார்க்கும். லீவர் பூட்டு இறுக்கமாக இருக்கிற வரைக்கும், போர்க் நுனியில் இருக்கிற சிறு உதடு தடுக்கிற வரைக்கும் ஆபத்தில்லை. அந்த லீவருக்கு அடியில் மட்கார்டுக் கம்பியின் வளையத்தைச் செருகிப் பாருங்கள். பூட்டு உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது, கம்பிமேல் உட்காரும். அந்தக் கம்பி கொஞ்சம் நசுங்கினால் போதும், பூட்டு தளர்ந்துவிடும். இறக்கத்தில் வேகமாக வருகிற பையன் முன்பிரேக்கை அழுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே முதல் சட்டம்: டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரத்து அச்சிலோ லீவரிலோ மட்கார்டுக் கம்பி வேண்டாம். முன்பக்கம் வேண்டவே வேண்டாம்.

அடுத்த தவறு இன்னும் சாதாரணமாக நடப்பது. காலிபரைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுகள் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும், கம்பி போகிற வழியிலேயே இருக்கும். "இதுலயே மாட்டிடலாமே" என்று தோன்றும். அந்த போல்ட்டின் நீளம் காலிபருக்காக அளந்து போட்டது. நடுவில் ஒரு கம்பி வளையம் வந்தால், உள்ளே மரையில் பிடிக்கிற நீளம் அந்த அளவுக்குக் குறைகிறது. மட்கார்டோ குண்டும் குழியுமான சடக்கில் ஓயாமல் ஆடுகிற சாமான். அந்த ஆட்டம் போல்ட்டை மெள்ள மெள்ளத் தளர்த்தும். முதலில் தட்டு 'சீ... சீ...' என்று உரசும். பிறகு ஒரு நாள் காலிபரே பெயர்ந்துகொள்ளும். பிரேக்கின் போல்ட்டு பிரேக்குக்கு மட்டும்தான்.

சுற்றுகிற தட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு உலோகம் நீட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கம்பெனிக் கதை ஒன்றே இருக்கிறது. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் டிரெக் நிறுவனம் அந்நாட்டில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. முன்சக்கரத்து லீவர் சரியாக மூடப்படாமல் தொங்கினால் டிஸ்க் தட்டில் போய்ச் சிக்கிச் சக்கரத்தை நிறுத்திவிடக் கூடும் என்பதுதான் காரணம். மூன்று விபத்துகள் பதிவாகியிருந்தன. ஒருவருக்குக் கை கால் இரண்டுமே செயலிழந்தன. விரல் நீள லீவர் செய்கிற வேலையை, முறுக்கிக் கட்டிய மட்கார்டுக் கம்பி செய்யாதா?

சரி, எப்படித்தான் போடுவது?

பின்பக்கம் சுலபம், அதை முதலில் பார்ப்போம். பின்சக்கரத்து அச்சுக்குச் சற்று மேலே, பிரேமில் மரை போட்ட சிறிய துவாரம் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தடவிப் பாருங்கள். பல சைக்கிள்களில் சேறு அடைத்துக் கிடக்கும், தெரியாது. அந்தத் துவாரம் மட்கார்டுக்கும் கேரியருக்கும் என்றே வைத்தது. அதற்கு 5 மில்லிமீட்டர் போல்ட்டு, கடையில் எம்5 என்று கேட்டால் கொடுப்பார்கள். வலப்பக்கம் கம்பி நேராகப் போய்விடும். இடப்பக்கம்தான் வழியை மறித்துக்கொண்டு காலிபர் உட்கார்ந்திருக்கும். கம்பியைக் காலிபருக்கு வெளிப்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். நீளமான எம்5 போல்ட்டு ஒன்று வாங்கி, பிரேமுக்கும் கம்பிக்கும் நடுவில் 10 முதல் 15 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய்த் துண்டைச் செருகினால், கம்பி காலிபரைத் தொடாமல் ஒதுங்கிப் போகும். குழாய் கிடைக்காவிட்டால் வாஷர்களை அடுக்கியும் செய்யலாம், பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். போல்ட்டு எஃகாக இருக்கட்டும். அலுமினிய போல்ட்டு அந்த நீளத்தில் ஆட்டம் தாங்காமல் ஒடியும்.

வலப்பக்கத்துக்கும் அதே நீளப் போல்ட்டைப் போட்டுவிடாதீர்கள். உள்ளே நீட்டிக்கொண்டு போய்ச் செயினில் தட்டும். சின்னப் பல்சக்கரத்துக்குக் கியரை மாற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

துவாரமே இல்லாத சைக்கிள்களும் உண்டு. அதற்கு ரப்பர் உறை போட்ட கிளிப் விற்கிறது, தண்ணீர்ப் பைப்பைச் சுவரில் பிடிப்போமே, அந்த மாதிரி. காலிபருக்கு மேலே பிரேம் குழாயில் அதை மாட்டி, அதில் கம்பியைப் பூட்டலாம். இடைஞ்சலான சைக்கிளுக்கு இதுதான் எனக்குப் பிடித்த வழி, பிரேக்குக்குப் பக்கத்திலேயே போக வேண்டியதில்லை. பிரேக் ஹோஸையும் சேர்த்துக் கிளிப்புக்குள் நசுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரேமில் துளை போடுவதோ, கேட்டு வெல்டிங் செய்கிறவரிடம் கொண்டுபோய்க் 'கண்' வைத்துக் கேட்பதோ வேண்டாம். இன்றைய பிரேம் பலவும் அலுமினியம். இரும்பு ஒட்டுகிற வெல்டிங் அதில் பிடிக்காது, சூட்டில் பிரேமின் பலமும் போய்விடும்.

முன்பக்கம்தான் சங்கடம். ஸ்பிரிங் போர்க்கில் மேல் பாகம் அசையாது, கீழ்க் கால்கள் சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போகும். மட்கார்டின் நடுப்பகுதியை மேல் பாகத்தில் பூட்டி, கம்பியைக் கீழ்க் காலில் கட்டினால், முதல் குழியிலேயே இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். மட்கார்டு மடங்கி டயரில் விழும். முழுவதும் கீழ்க் கால்களோடு போக வேண்டும், அல்லது முழுவதும் மேலே நிற்க வேண்டும். கீழ்க் கால்கள் இரண்டையும் இணைக்கும் வளைவின் மேல் பிளாஸ்டிக் பட்டையால் கட்டும் குட்டை மட்கார்டு ஒரு வகை. போர்க்கின் நடுத்தண்டுக் குழாயில் அடியிலிருந்து செருகி இறுக்கும் உயரமான மட்கார்டு இன்னொரு வகை. முன்னது முகத்துக்கு வரும் சேற்றைத் தடுக்கும். பின்னது கொஞ்சம் அதிகமாக மறைக்கும், ஆனால் போர்க் முழுவதும் அமுங்கினாலும் டயர் தொடாத உயரத்தில் நிற்க வேண்டும். இரண்டுக்குமே கம்பி கிடையாது. கம்பி இல்லாததால் டிஸ்க்கோடு தகராறும் கிடையாது. ஸ்பிரிங் போர்க் வைத்திருப்பவர்கள் முன்பக்கம் முழு மட்கார்டுக்கு ஆசைப்பட வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

ஸ்பிரிங் இல்லாத நேர்ப் போர்க்கானால் முழு மட்கார்டு போடலாம், பின்பக்கம் சொன்ன அதே முறையில். நல்ல மட்கார்டில் முன்கம்பியின் நுனி ஒரு சிறு பிளாஸ்டிக் கிளிப்பில் செருகியிருக்கும், பலமாக இழுத்தால் கழன்று வரும். "என்னடா இது, லொடலொடன்னு" என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு இரும்புக் கம்பியால் முறுக்கிக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது கழன்று வரத்தான் செய்திருக்கிறார்கள்! நமது சடக்கில் ரப்பர் மரத்துச் சுள்ளியும் பனை மட்டைத் துணுக்கும் இல்லாத இடம் உண்டா? ஒரு சுள்ளி டயரோடு சுற்றிக்கொண்டு போய் மட்கார்டுக்குள் இறுகினால், டயர் மட்கார்டையே உள்ளே இழுக்கும். கிளிப் கழன்றால் பிழைத்தோம். கழலாவிட்டால் சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும், ஓட்டுகிறவர் ஹாண்டிலைத் தாண்டிப் போய் விழுவார்.

மட்கார்டு வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். 26 x 2.10 என்று இருந்தால் சக்கரம் 26 அங்குலம், டயரின் அகலம் 2.1 அங்குலம், அதாவது சுமார் 53 மில்லிமீட்டர். மட்கார்டு 60 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் ஒரு விரல் இடைவெளி போதும் என்று தார்ச் சடக்குக்காரர்கள் சொல்வார்கள். செம்மண் சடக்குக்கு அது போதாது. களிமண் பிசின் மாதிரி ஒட்டி, ஒரு மைல் போவதற்குள் அடைத்துக்கொள்ளும். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், குச்சியால் நோண்டி எடுக்க வேண்டியதுதான். இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். கொஞ்சம் தெறிக்கும், பரவாயில்லை.

மட்கார்டின் கீழ் நுனியில் பழைய மோட்டார் சைக்கிள் டியூபில் ஒரு முழங்கை அளவு வெட்டி, இரண்டு சின்ன போல்ட்டு போட்டுத் தொங்கவிடுங்கள். காலில் படும் சேறும் செயினில் படும் சேறும் பாதியாகும். காசு கொடுத்து வாங்கினாலும் இதைவிட நன்றாக இராது. ரப்பர் நம்ம சரக்குதானே!

வேலை செய்யும்போது ஒன்றை மறந்துவிடாதீர்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெயோ ஸ்பிரேயோ அடிக்கிற பழக்கம் நமக்கு உண்டு. டிஸ்க் பிரேக் சைக்கிளில் அது தட்டில் ஒரு துளி பட்டாலும் பிரேக்கின் பேடு அதைக் குடித்துவிடும், பிறகு பிரேக் பிடிக்காது, கத்தும். தட்டைத் துணியால் மூடிக்கொண்டு, எண்ணெயைத் துணியில் நனைத்துத் தொடுங்கள். எண்ணெய்க் கையால் தட்டைப் பிடிக்க வேண்டாம். கேமரன் மலை மாதிரி நீண்ட இறக்கத்தில் வந்து நிறுத்தியவுடனும் தொட வேண்டாம், விரல் பொசுங்கும். அதே காரணத்துக்காகப் பிளாஸ்டிக் பட்டைகளின் வால் தட்டின் பக்கம் நீட்டாமல் வெட்டிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். பிறகு சீட்டில் ஏறி நன்றாக அமுக்கிக் குதித்துப் பாருங்கள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, பெடலில் வைத்த கால்விரல் மட்கார்டில் தட்டுகிறதா என்று பாருங்கள். லயத்து முன்னால் மெதுவாக ஓட்டி முன்பிரேக்கைத் தனியாக ஒரு தரம், பின்பிரேக்கைத் தனியாக ஒரு தரம் பிடித்துப் பாருங்கள். புதிய போல்ட்டு முதல் வாரத்தில் கொஞ்சம் தளரும். ஞாயிற்றுக்கிழமை 4 மில்லிமீட்டர் ஆலன் கீயை எடுத்து ஒவ்வொன்றையும் ஒரு தரம் இறுக்கிவிட்டு, திங்கட்கிழமை பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள்.