‘ஏறும்’னு சொன்னா போதுமா? சின்ன காருக்கு அகல டயர் போடும் முன் இதைக் கவனியுங்க!

டயர் கடைகளில் வார இறுதிகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “அண்ணே, இதே வீல்ல இன்னும் கொஞ்சம் அகலமான டயர் ஏறுமா?” பெரும்பாலும் கிடைக்கும் பதில்: “ஏறும் தம்பி!”

பதில் பொய்யில்லை. ரப்பர் வளையும், மெஷின் ஏற்றிவிடும். ஆனால், டயர் வீலில் ஏறுவது வேறு, பொருந்துவது வேறு. அந்த வித்தியாசம் கடை வாசலில் தெரியாது. குடும்பத்தோடு மழையில் பைபாஸில் போகும்போதுதான் தெரியும்.

டயரில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?

உங்கள் டயரின் பக்கவாட்டில் 155/80 ஆர்13 என்று இருக்கிறதா? 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம். அதாவது அகலத்தில் 80 சதவிகிதம், 124 மி.மீ. 13 என்பது டயர் உட்காரும் வீலின் விட்டம், இன்ச்சில். இந்த மூன்றையும் சேர்த்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 578 மி.மீ.

அகலத்தை மட்டும் கூட்டி 165/80 ஆர்13 போட்டால், பக்கச்சுவரும் சேர்ந்து உயர்ந்துவிடும். விட்டம் 594 மி.மீ ஆகும். ஏறக்குறைய 2.8 சதவிகிதம் அதிகம். ஒரு சுற்றுக்கு கார் கூடுதல் தூரம் ஓடும். ஆனால், அது ஸ்பீடோமீட்டருக்குத் தெரியாது. முன்பு 100-ஐக் காட்டிய அதே இடத்தில் முள் நிற்கும்போது, கார் முன்பைவிட கிட்டத்தட்ட 3 கி.மீ கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஓடிய கிலோமீட்டரும் குறைவாகப் பதிவாகும் என்பதால், மைலேஜ் விழுந்துவிட்டது போலவும் தோன்றும்.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அகலத்தைக் கூட்டும்போது நடு எண்ணைக் குறைப்பார்கள். 175/70 ஆர்13-ன் விட்டம் 575 மி.மீ. பழைய அளவுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. மொத்த விட்டம் 3 சதவிகிதத்துக்கு மேல் மாறக்கூடாது என்பது பொதுவான கணக்கு.

அப்போ பிரச்னை முடிந்ததா? இல்லை!

மறந்துபோகும் விஷயம், ரிம்மின் அகலம்!

ஒவ்வொரு டயர் அளவுக்கும், எவ்வளவு அகலமான ரிம்மில் போடலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. 155/80 டயருக்கு 4 முதல் 5.5 இன்ச் வரை. 175/70 டயருக்கு 4.5 முதல் 6 இன்ச் வரை. 185/65 டயருக்குக் குறைந்தபட்சமே 5 இன்ச் வேண்டும்.

சின்ன கார்களில் கம்பெனி கொடுக்கும் இரும்பு வீல்கள் பல, 4.5 இன்ச் அகலம்தான். அதில் 175/70 போட்டால் வரம்பின் கடைசிப் படியில் நிற்கிறோம். அதற்கும் மேலே போனால், டயரின் இரண்டு பக்கமும் உள்பக்கமாக இழுக்கப்பட்டு, நடுப்பகுதி பலூன்போலப் பிதுங்கும். நடுப்பகுதி மட்டும் சீக்கிரம் தேயும். வளைவில் பக்கச்சுவர் ஆட்டம் காட்டும்; ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் ஒரு நொடி யோசித்துத் திரும்புவதுபோல இருக்கும். பிடிமானத்துக்காகச் செலவு செய்து, இருந்த பிடிமானத்தையும் இழப்பது இப்படித்தான்.

மாருதி ஸ்விஃப்ட்டின் 2018 மாடலையே பாருங்கள். ஆரம்ப வேரியன்ட்டில் 165/80 ஆர்14. மேல் வேரியன்ட்டில் 185/65 ஆர்15. இரண்டின் மொத்த விட்டமும் சுமார் 620 மி.மீதான். அகலத்தை 20 மி.மீ கூட்டிய நிறுவனம், வீலையும் சேர்த்தே மாற்றியது. அந்த அகல டயரைப் பழைய வீலில் ஏற்றவில்லை!

மழையில் அகல டயர்தான் நல்லதா?

காய்ந்த ரோட்டில் சரியான ரிம்மில் போட்ட அகல டயர் பிரேக் பிடிக்கவும், வளைவில் நிற்கவும் உதவும் என்பது உண்மை. ஆனால், தேங்கிய தண்ணீரில் கதை மாறும். அகல டயர் அதிகத் தண்ணீரைத் தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது டயர் தண்ணீர் மேல் மிதக்கும். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் கேட்காது, பிரேக்கும் கேட்காது. மழைக்கு முக்கியம் அகலத்தைவிட, ஆழமான பட்டன்களும் சரியான காற்றும்தான்.

இன்னொன்று, உரசல். காலியான காரில் எல்லாம் சரியாக இருக்கும். ஐந்து பேர் ஏறி, டிக்கியில் லக்கேஜும் வைத்து, ஸ்பீடு பிரேக்கரில் இறங்கும்போது டயர் மட்கார்டில் உரசலாம். அப்படி உரசிக்கொண்டே இருந்தால் டயர் கிழியும் ஆபத்து உண்டு. பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய கார் என்றால், பார்க்கிங்கில் கை வலிக்கும். டயரின் எடை கூடினால் பிக்கப்பும் மைலேஜும் குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் இதுவே கேள்வியாக வரலாம்.

வாங்கும் முன் 5 விஷயங்கள்

1. டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கரையும் கையேட்டையும் பாருங்கள். அதில் உள்ள டயர் அளவுகளே பாதுகாப்பானவை.

2. வீலில் பதித்திருக்கும் ரிம் அகலத்தைப் படியுங்கள். 13x4.50 என்றால் அகலம் 4.5 இன்ச்.

3. சுமை எண் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. 79 என்றால் ஒரு டயர் 437 கிலோ தாங்கும். 82 என்றால் 475 கிலோ.

4. நான்கு டயரும் ஒரே அளவில் இருக்கட்டும். ஸ்டெப்னியை மறக்காதீர்கள்.

5. தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். 2324 என்று இருந்தால், 2024-ம் ஆண்டின் 23-வது வாரம்.

இத்தனைக்கும் பிறகு கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி சொன்ன அதே அளவில் நல்ல டயர், சரியான காற்று, வீல் அலைன்மென்ட் ஆகிய மூன்றுமே பல கார்களுக்குப் போதும். அகலம்தான் வேண்டும் என்றால், உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டுக்கு கம்பெனி கொடுக்கும் அளவை, அதற்குரிய வீலோடு சேர்த்து வாங்குவதே நல்லது. அதற்கு முன் சர்வீஸ் சென்டரில் உங்கள் வேரியன்ட்டுக்கு அது பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை டயர் கடைக்குப் போனால், “ஏறுமா?” என்று கேட்காதீர்கள். “என் ரிம் அகலத்துக்கு இந்த அளவு சரியா?” என்று கேளுங்கள். பின் சீட்டில் உட்கார்ந்து வரப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்!