காய்ப்பு: தோலின் கவசமும் அதைக் களையும் முறையும்

புதுடில்லியின் தென்பகுதியில், 1994-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தில்லி ஹாட்டுக்கு எதிரே ஐ.என்.ஏ. மார்க்கெட் அமைந்துள்ளது. முருங்கைக்காயும் வாழைக்காயும் மீனும் நாடித் தலைநகர்த் தமிழர் பலர் அங்குச் செல்வதுண்டு. பண்டங்களை நோக்கும் கண் அவற்றை எடுத்துத் தரும் கைகளை நோக்குவது அரிது. மீன் அரிவோரின் விரலடியிலும், சுமை தூக்குவோரின் உள்ளங்காலிலும் தோல் தடித்து, மஞ்சள் நிறம் பாய்ந்திருக்கக் காணலாம். இதனையே காய்ப்பு என்கிறோம்.

காய்ப்பு ஒரு நோயன்று. நம் தோலின் மேற்பரப்பில் உயிரற்ற அணுக்கள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. நகத்திலும் மயிரிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதமே இவற்றிலும் நிறைந்துள்ளது. புறத்தோலின் அடியில் தோன்றும் அணு, சில வாரங்களில் மேலெழுந்து உதிர்ந்துவிடும். ஓரிடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடர்ந்து நேருமாயின், அணுக்கள் விரைந்து பெருகி, உதிராமல் அங்கேயே தங்குகின்றன. உடல் தானே சமைத்துக்கொள்ளும் கவசம் இது. தச்சருக்கும் உழவருக்கும் வீணை வாசிப்போருக்கும் அது துணையே ஆகும். ஆதலின், வலியில்லாத காய்ப்பை அறவே களைய வேண்டுவதில்லை.

கால் ஆணி இதனின் வேறுபட்டது. அது சிறிதாய், நடுவில் கூம்புபோன்ற கெட்டிப் பகுதி உள்நோக்கி அழுந்துவதால் வலிக்கும். மருவோ வைரஸ் கிருமியால் தோன்றுவது. காய்ப்பின் மேல் தோலின் ரேகைகள் தொடர்ந்து செல்லும். மருவின்மேல் அவை அறுபட்டு நிற்கும். பூதக்கண்ணாடி கொண்டு இதனை எளிதில் அறியலாம்.

வீட்டில் செய்யத்தக்க சிகிச்சை எளிது. வெதுவெதுப்பான நீரில் பாதத்தைப் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். ஊறிய தோலை, வடநாட்டில் ஜான்வா எனப்படும் கருகச் சுட்ட செங்கல் துண்டினாலோ, நுரைக்கல்லினாலோ மெல்லத் தேய்க்க வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் நீக்க முயலலாகாது. பின்னர் ஈரம் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவுக. மருந்துக் கடைகளில் கிடைக்கும் யூரியாக் களிம்பும் தோலை மென்மையாக்கும்; வயலுக்கு இடும் யூரியா இதற்கு ஆகாது. எனினும், அழுத்தும் செருப்பை மாற்றாதவரை காய்ப்பு மீண்டும் தோன்றவே செய்யும்.

இயற்கைப் பொருள் யாவும் தீங்கற்றவை என்று கருதுவது பிழை. சேங்கொட்டையின் எண்ணெய் தோலைக் கொப்புளிக்கச் செய்யும். எருக்கம்பாலும் அரிப்பு உண்டாக்குவதே. நசுக்கிய பூண்டை வைத்து நெடுநேரம் கட்டினால் தோல் வெந்துவிடும். சவரத் தகட்டினால் சீவுவதோ இவை யாவற்றினும் கொடிது.

நலமுற்றோர்க்கு இத்தவறுகளால் விளைவது சில நாள் வேதனை மட்டுமே. நீரிழிவாலோ தொழுநோயாலோ பாதத்தில் உணர்விழந்தோர்க்கு அவ்வாறன்று. அவர்தம் காலில் தடித்த காய்ப்பு, செருப்பினுள் அகப்பட்ட கூழாங்கல்போல் அடித்தசையை நசுக்கும். வலி தோன்றாமையால் அவர் நடந்துகொண்டேயிருப்பர்; உள்ளே புண் வளரும். அது முற்றினால் காலையே இழக்கவும் நேரிடும்.

1946-ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடன் உழைத்தோரும் இவ்வுண்மையை விளக்கினர். தொழுநோயாளர் பாதத்தில் தோன்றும் புண்ணுக்குக் காரணம், உணர்வற்ற இடத்தில் மீண்டும் மீண்டும் விழும் அழுத்தமே என்று அவர்கள் கண்டனர். அழுத்தத்தைப் பரப்பித் தாங்கும் நுண்ணறை ரப்பர்ச் செருப்புகள் இவ்வறிவின் பயனாக வழக்கிற்கு வந்தன; இன்றும் தொழுநோயாளர்க்கு அவை வழங்கப்படுகின்றன.

ஆகவே, களப்பணியாளர்கள் காய்ப்புக்கு மருந்து கூறுமுன் இரு வினாக்களைக் கேட்பது கடமையாகும்: "உங்களுக்கு நீரிழிவு உண்டா? பாதத்தில் தொட்டால் தெரிகிறதா?" முன்னதற்கு ஆம் என்றோ, பின்னதற்கு இல்லை என்றோ விடை வருமாயின், வீட்டு வைத்தியத்தை நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புக. அத்தகையோர் நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஆசிரியர்கள் இதனை மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்தால், அம்மாணவரே வீட்டிலுள்ள முதியோரின் பாதங்களைக் காக்கும் காவலராவர்.