உங்களுக்குத் தெரியுமா? ஆளை அளக்கப் பிறந்த கணக்கு

1920களில், கல்கத்தா ஆங்கிலோ இந்தியர்களின் உயரம், தலை, மூக்கு அளவுகளை ஆராயும் பணி இயற்பியல் பேராசிரியர் பி.சி. மகலனோபிஸிடம் வந்தது. ஒரு குழுவை மற்றொரு குழுவோடு ஒவ்வோர் அளவாகத் தனித்தனியே ஒப்பிட்டால் கணக்கு பிசகும். உயரமானவருக்குத் தலையும் சற்றுப் பெரிதாக இருக்கக்கூடும் அல்லவா? அளவுகளுக்குள் இருக்கும் இந்த உறவையும் சேர்த்துப் பார்த்து, இரு குழுக்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் வழியை அவர் உருவாக்கினார். 1936இல் அவர் முழுமையாக வெளியிட்ட அதுதான் ‘மகலனோபிஸ் தொலைவு’. எவ்வளவு அழகான சிந்தனை! செயற்கைக்கோள் படத்தில் வயலையும் காட்டையும் பிரித்தறியவும், குவிந்த தரவுகளில் ஒட்டாமல் நிற்கும் ஒன்றைக் கண்டுபிடிக்கவும் இன்றும் அது உதவுகிறது. அவர் பிறந்த ஜூன் 29ஆம் நாளே இந்தியாவின் தேசியப் புள்ளியியல் தினம்.