கல்லூரி ஆய்வுக்கூடம் என்னும் குடும்பம்

மேனிலைப் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில் ஒரு மாலை. ஜெபமாலை முடிந்து மக்கள் கலைந்து சென்றபின், எம் பங்கைச் சேர்ந்த ஒருவர் தம் மகளுடன் பங்கு இல்லத்தின் வாசலில் வந்து நின்றார். பௌதிகத்திலும் இரசாயனத்திலும் அப்பெண் சிறந்த மதிப்பெண் பெற்றிருந்தாள். திருச்சிக்குச் சென்று விஞ்ஞானப் பட்டம் படிக்க வேண்டுமென்பது அவள் விருப்பம். தந்தைக்கோ தயக்கம்.

"சாமி, அங்கே எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் கலந்து இருக்கிறார்கள். விஞ்ஞானம் படித்தால் விசுவாசம் போய்விடும் என்றும் சொல்கிறார்கள். பையனாக இருந்தாலும் அனுப்பிப் பார்க்கலாம். இது பெண்பிள்ளை..." என்று இழுத்தார்.

மூன்று அச்சங்களை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். பல கத்தோலிக்கக் குடும்பங்களில் இவை வாய்விட்டுச் சொல்லப்படாமல் உறைந்து கிடக்கின்றன. அன்று நின்ற நிலையில் அவருக்கு என்னால் முழுமையான விடை கூற இயலவில்லை. ஆகவே, கல்லூரிகளில் விஞ்ஞானம் கற்பித்தவர்களும் கற்றவர்களும் எத்தகைய மக்கள் என்பதை இங்கே சற்று விரிவாக அறிமுகம் செய்ய விழைகிறேன்.

மலைக்கோட்டையின் அருகே ஒரு விடுதி

திருச்சி தூய வளனார் கல்லூரியை நம் முதியோர் சூசையப்பர் கல்லூரி என்றே அழைப்பர். இயேசு சபைக் குருக்கள் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய இக்கல்லூரி 1883இல் திருச்சிக்கு வந்தது. கல்லூரியின் ஓரத்தில் லூர்து அன்னை ஆலயம். அண்ணாந்து பார்த்தால் மலைக்கோட்டைப் பிள்ளையார் கோயில். அதே நகரில் நத்தர்வலி தர்கா.

1950ஆம் ஆண்டு, இராமேசுவரத்திலிருந்து ஓர் இசுலாமிய இளைஞர் இக்கல்லூரிக்குப் படிக்க வந்தார். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்தான் அவர். விடுதியில் அவருடன் ஒரே அறையில் தங்கியவர்கள் இருவர். ஒருவர் ஸ்ரீரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார். மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். பௌதிகத்தைச் சின்னதுரை, கிருஷ்ணமூர்த்தி என்னும் பேராசிரியர்கள் கற்பித்தனர். கணிதத்திற்குத் தோத்தாத்திரி ஐயங்கார் இருந்தார். ஆங்கிலம் கற்பித்தவரும் விடுதிக் காப்பாளரும் இயேசு சபைக் குருவான செக்குவேரா அடிகளார்.

அந்த அடிகளார் இரவுதோறும் கையில் விவிலியத்துடன் அறை அறையாகச் சென்று நூறு மாணவர்களையும் கண்டு வருவாராம். தீபாவளி வந்தால், விடுதியைக் கவனித்த அருட்சகோதரர் அவருடைய உத்தரவின்படி ஒவ்வோர் அறைக்கும் சென்று எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் வழங்குவாராம். கலாம் இதைத் தம் சுயசரிதையில் நன்றியுடன் குறித்துள்ளார்.

அன்பர்களே, இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். விவிலியத்தை ஏந்திய அதே குருவின் சொல்லால்தான் நல்லெண்ணெயும் வந்தது. அதனால் அவருடைய விசுவாசம் ஒரு துளியும் குறையவில்லை. எண்ணெய் பெற்ற இந்து மாணவனும் தன் சமயத்தை இழக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் கலாம் சைவ உணவுக்கூடத்தின் செயலாளரானபோது, அறைத் தோழர்கள் சேர்ந்து கல்லூரி அதிபர் களத்தில் அடிகளாரை ஒரு ஞாயிறன்று விருந்துக்கு அழைத்தனர். அவரவர் வீட்டுச் சமையல் வகைகளெல்லாம் அந்த ஒரே விருந்தில் இடம்பெற்றன. கலந்து வாழ்வதைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அந்த விருந்தை நினைவில் கொள்வார்களாக.

கலாமுக்குச் சில ஆண்டுகள் முன்னர், 1942இல், இதே கல்லூரியில் பௌதிகப் பட்டம் பெற்றவர் கோ. நா. இராமச்சந்திரன். நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது கொல்லாஜன் என்னும் புரதம். அதன் இழைகள் மூன்று புரியாக முறுக்கப்பட்ட கயிற்றைப் போன்று அமைந்துள்ளன என்பதை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954இல் அவர் வெளியிட்டார். திருச்சியில் அவருக்குப் பௌதிகம் கற்பித்தவர்களுள் இராஜம் அடிகளாரும் ஒருவர்.

கணக்குப் போட்ட குருவும் செடி சேகரித்த குருவும்

விஞ்ஞானம் விசுவாசத்தைக் கெடுக்குமா என்பது இரண்டாம் அச்சம். இதற்கு விடை கூறுமுன் என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இளங்குருவாயிருந்த நாள்களில் ஞானோபதேச வகுப்பில் ஒரு சிறுவன் எழுந்து, "பூமிக்குப் பல கோடி ஆண்டு வயது என்று பள்ளியில் சொல்கிறார்கள், ஆறு நாளில் படைத்தார் என்று நீங்கள் சொல்கிறீர்கள், எது சரி?" என்று கேட்டான். "உட்கார்" என்று அதட்டினேன். விவிலியம் பூகோள நூலன்று, படைத்தவர் யார் என்று உரைக்கும் நூல் என்பதைக் குருமடத்தில் கற்றவன்தான் நான். ஆயினும் அவனுக்கு அதை எடுத்துச் சொல்லும் பொறுமை அன்று எனக்கு இல்லை. அவன் மறு வாரம் வகுப்புக்கு வரவில்லை. அவனை ஆலயத்திலிருந்து விலக்கியது விஞ்ஞானமன்று; என் அதட்டல்.

கேள்விக்கு அஞ்சாத குருக்களும் இருந்தனர். பிரான்சு நாட்டில் பிறந்து கணித மேதை எலீ கார்த்தானிடம் பயின்றவர் சார்லஸ் இரசீன் அடிகளார். 1930களில் இந்தியா வந்து திருச்சியிலும், 1939 முதல் சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். தேர்வுக்கு மனப்பாடம் செய்வது பெருமையென்றிருந்த காலத்தில், ஐரோப்பாவில் அன்று உருவாகி வந்த புதிய கணிதத்தை அவர் மாணவர்முன் வைத்தார். திறமையுள்ளவர்களைப் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திற்குச் செல்லுமாறு ஊக்கினார்.

காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்திரியும், வடஆர்க்காட்டின் சிற்றூர் ஒன்றில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் அவரிடம் பயின்ற மாணவர்கள். இருவரும் 1932இல் பிறந்தவர்கள். இருவரும் பம்பாய் சென்றனர். 1965இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம், கணிதத்தின் வெவ்வேறு துறைகளை ஒன்றோடொன்று இணைத்தது. இன்றும் உலகெங்கும் இருவர் பெயராலேயே வழங்குகிறது. கருநாடக இசையில் தேர்ந்த சேஷாத்திரி பிற்காலத்தில் சென்னைக் கணிதவியல் கழகத்தை நிறுவினார். பிரெஞ்சுக் குரு விதைத்த விதை தமிழ் மண்ணில் மரமாகி நிற்பதை இன்றும் காணலாம்.

மீண்டும் திருச்சிக்கு வருவோம். அங்கே 1967இல் கே. எம். மத்தேயு அடிகளார் இராப்பினாட் உலர்தாவரக் கூடத்தை நிறுவினார். செடியைப் பூவோடும் காயோடும் பறித்து, தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, கெட்டித்தாளில் ஒட்டி, பெயர் எழுதிக் காக்கும் இடம் அது. அடிகளாரும் மாணவர்களும் உதவியாளர்களும் காடுமேடெல்லாம் அலைந்து தொகுத்த உழைப்பின் பயனாக, தமிழகச் சமவெளிகளிலும் அவற்றையடுத்த குன்றுகளிலும் வளரும் தாவரங்களைப் பற்றிய பெருநூல் 1981 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. 2004இல் மறையும்வரை அவர் குருவாகவும் வாழ்ந்தார், தாவரவியலாராகவும் வாழ்ந்தார். இறைவன் படைத்த புல்லைக் குனிந்து பார்ப்பதும் ஒருவகை ஜெபமன்றோ!

அத்தகைய கூடத்தின் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் சிறு சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். செடியின் பெயர், கிடைத்த இடம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவை அதில் இருக்கும். சேகரித்தவரின் சாதிக்கோ மதத்திற்கோ அச்சீட்டில் இடமில்லை. அவர் எழுதியது உண்மையா என்பது ஒன்றே கேள்வி.

வளையலை அடகு வைத்தவள்

மேலே எழுதியவற்றை மீண்டும் படித்துப் பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயரும் இல்லை! அந்தத் தந்தையின் மூன்றாம் அச்சத்திற்கு நானே துணைபோனதுபோல் ஆயிற்று.

கலாமின் வாழ்விலேயே ஒரு பெண் உண்டு. திருச்சியில் பட்டம் முடித்து, சென்னையில் பொறியியல் படிக்கச் சேர்ந்தபோது கட்டணத்திற்குப் பணமில்லை. மூத்த சகோதரி ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். அவர் செய்தது மாபெரும் தியாகம். ஆயினும் நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. நம் பங்குகளில் எத்தனை அக்காமாரின் வளையல்கள் தம்பிமாரின் படிப்புக்காக அடகுக் கடைக்குப் போயிருக்கின்றன? அக்காளின் படிப்புக்கென்று எவருடைய வளையல் போனது?

கேரளத்துப் பீர்மேட்டில் 1918இல் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் அன்னா மணி. எட்டாம் பிறந்தநாளில் வழக்கப்படி வைரக் காதணி கொடுத்தார்கள். அதை மறுத்து, கலைக்களஞ்சிய நூல் தொகுதியைக் கேட்டுப் பெற்றாள் அச்சிறுமி. சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் பட்டம் பெற்று, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் வைரங்களையும் மாணிக்கங்களையும் ஆராய்ந்தார். காதில் அணிய மறுத்த வைரத்தைக் கருவியில் வைத்துப் பார்த்தார்! 1945இல் ஆய்வேட்டை அளித்தபோது, முதுகலைப் பட்டம் இல்லையென்று காரணம் காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டத்தை மறுத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்று, 1948இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார். அயல்நாட்டிலிருந்து வாங்கிவந்த கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்து, அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார். மழையையும் காற்றையும் அளக்கும் பணியில் அவருடைய உழைப்பு கலந்திருக்கிறது. கடலுக்குச் செல்லும் நம் மீனவச் சகோதரர்கள் புயல் எச்சரிக்கையைக் கேட்கும்போது அத்தகைய உழைப்பின் பயனையே பெறுகின்றனர்.

அவருக்கும் முன்னோடி தலைச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றவர். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் கற்பித்தவர். அமெரிக்கா சென்று ஆய்வுப் பட்டம் பெற்றவர். கோயம்புத்தூரில் கரும்பு இன ஆராய்ச்சி செய்தவர். திருச்சியிலும் நம் கன்னியர் 1923லேயே பெண்களுக்கென ஹோலி கிராஸ் கல்லூரியைத் தொடங்கினர். அக்கன்னியர் நூறாண்டுக்கு முன் திறந்த கதவை, இன்று கிறிஸ்தவத் தந்தை ஒருவர் தம் மகளுக்கு அடைக்கலாமா?

பங்குக் குடும்பங்களுக்கு

இம்மனிதர்களைப் பிணைத்தது எது? மொழியன்று, குலமன்று, சமயமுமன்று. விடை தெரியாத ஒரு கேள்வியை எல்லாரும் சேர்ந்து நோக்கியதே அவர்களை ஒரு குடும்பமாக்கியது. வெப்பமானி ஐயங்காருக்கு ஓர் அளவும் இசுலாமியருக்கு வேறோர் அளவும் காட்டுவதில்லை. பிழை செய்தால் குருவின் கணக்கும் பிழைதான்.

இவ்வாறு எழுதுவதால் கல்லூரிகளில் குறையே இல்லை என்று நான் கூறவில்லை. அன்னா மணிக்கு நேர்ந்ததை மேலே கண்டோம். சாதியின் பெயரால் மனம் புண்பட்டுத் திரும்பிய பிள்ளைகளையும் நான் அறிவேன். அக்குறையைக் காரணம் காட்டி நம் பிள்ளைகளை வீட்டில் நிறுத்தினால் குறை வளருமேயன்றிக் குறையாது.

ஆகவே பெற்றோரிடம் மூன்று வேண்டுதல்கள். பிள்ளை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். விடை தெரியாவிட்டால் "சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள். விடுதித் தோழர் எச்சமயத்தவராயினும் விடுமுறையில் உங்கள் வீட்டிற்கு அழைத்து உணவிடுங்கள். மகனுக்கென ஒதுக்கும் பணத்தில் மகளுக்கும் சம பங்கு ஒதுக்குங்கள்.

வாசலில் வந்து நின்ற அந்தத் தந்தையிடம், அன்னா மணியின் காதணிக் கதையை மட்டும் அன்று சொல்லி அனுப்பினேன். அவர் ஒன்றும் பேசாமல் போனார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், மகளின் விண்ணப்பத்தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். மதத்தைப் பற்றியோ சாதியைப் பற்றியோ அவர் பேசவில்லை.

"விடுதிக் கட்டணம் எவ்வளவு ஆகும் சாமி?" என்றுதான் கேட்டார்.