சுபேதாருக்கு மேலே இடமில்லை

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் இந்தியர் எட்டிய மிக உயர்ந்த பதவி கமாண்டன்ட். மக்கள் வாயில் அது ‘கும்மந்தான்’ ஆயிற்று. இராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்த யூசுப் கான், அதாவது மருதநாயகம், 1750களில் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்டாக உயர்ந்தார். அவரை ஏற்றிவிட்டது போர்த்திறமை. பின்னர் மதுரைச் சீமையை நிர்வகித்து, கம்பெனியையும் ஆற்காட்டு நவாபையும் எதிர்த்து நின்று, 1764 அக்டோபரில் தூக்கிலேறினார்.

அறிவொளிக் காலத்து ஐரோப்பாவிலோ பிறப்பும் பணமும் பேசின. நான்கு தலைமுறைப் பிரபு வம்சம் என்று காட்டினால்தான் நேரடி அதிகாரிப் பதவி என்றது பிரான்சின் 1781ஆம் ஆண்டு சேகூர் ஆணை. பிரிட்டிஷ் அரசப் படையில் பதவியைக் காசுக்கு வாங்கும் வழக்கம் 1871 வரை நீடித்தது. கம்பெனிப் படையின் வெள்ளை அதிகாரிகளுக்கோ பணிமூப்பே கணக்கு. அதனால் பதவி உயர்வு ஆமையாய் நகர, அரசப் படை அதிகாரிகளுக்குக் கீழே நிற்க நேர்ந்த அவர்கள் குமுறினார்கள்.

அந்தக் குமுறலுக்கு மருந்தாக வந்தது 1796ஆம் ஆண்டுச் சீர்திருத்தம். இரண்டு பட்டாளம் சேர்ந்து ஒரு ரெஜிமென்ட். பட்டாளத்துக்கு ஏறத்தாழ 22 ஐரோப்பிய அதிகாரிகள். அவர்களுக்கு இடம் பெருகப் பெருக, இந்தியருக்கு எஞ்சியிருந்த உச்சப் பதவியான சுபேதாரின் அதிகாரம் கரைந்தது. முப்பது ஆண்டு சேவையும் உடம்பெல்லாம் தழும்புமாக நிற்கும் சுபேதார், நேற்றுக் கப்பலிலிருந்து இறங்கிய மீசை முளைக்காத பையனுக்கு சலாம் வைத்து உத்தரவு கேட்க வேண்டும். படையின் விதியே அதுதான். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த கலகத்துக்குப் புதிய தலைப்பாகையும் நெற்றிக்குறித் தடையும் உடனடிக் காரணங்கள். சுபேதார்களும் அவர்களுக்கு அடுத்த நிலை ஜமேதார்களும் சிப்பாய்களோடு சேர்ந்துகொண்டதில் இந்த அவமதிப்புக்கும் பங்குண்டு என்றே கொள்ள வேண்டும்.

இதே வரம்பு கடல் கடந்து மலாயாவின் பேராக்குக்கும் வந்தது. 1870களில் ஆயுதக் காவல் படையாகத் தொடங்கி, 1896இல் ‘மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ்’ ஆன படையின் தலைமையகம் தைப்பிங். வீரர்களில் பெரும்பாலோர் சீக்கியர். 1919இல் கலைக்கப்படும்வரை தலைமை வெள்ளையரிடமே இருந்தது. ஈப்போவைச் சுற்றிய ரப்பர் தோட்டங்களிலும் அதே கதைதான்: தமிழர் கங்காணி ஆகலாம், கிராணி (எழுத்தர்) ஆகலாம், துரை பங்களா மட்டும் எட்டாது.

படையில் இந்த வரம்பு தளரத் தொடங்கியது பின்னர்தான்: 1918இல் பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் படை அதிகாரிக் கல்லூரியில் இந்தியருக்கு ஆண்டுக்கு 10 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1966இல் சேலம் சீமையின் குமாரமங்கலம் குடும்பத்துப் பி. பி. குமாரமங்கலம் இந்தியத் தரைப்படைத் தளபதியானார்.