அலுவலக அமைப்பும் பணியாளர் நலனும்

வெளியே வெயில் 33 டிகிரி செல்சியசைத் தொடும் கோலாலம்பூரில், அலுவலகத்திற்குள் குளிர்ச் சட்டை அணிந்து வேலை செய்யும் பணியாளர்களைக் காண்பது அரிதன்று. குளிர்சாதனக் காற்று நேராகத் தலையில் இறங்கும் இடத்தில் ஒருவர் நடுங்குகிறார். நான்கு மேசை தள்ளி, தடுப்புக்கு அப்பால் இருப்பவர் புழுக்கம் தாங்காமல் சிறு மின்விசிறியை வைத்துக்கொள்கிறார். மாலைக்குள் ஒருவருக்குத் தலைவலி, மற்றவருக்குச் சோர்வு. ஆண்டு இறுதி மதிப்பீட்டில் 'வேலையில் கவனம் போதாது' என்று எழுதப்படும்போது, அவர் எந்த இடத்தில் அமர்ந்து வேலை செய்தார் என்பதை யாரும் கேட்பதில்லை.

வேலைத்திறன் என்பது பணியாளரின் முயற்சியை மட்டும் பொறுத்ததல்ல. அவர் அமர்ந்திருக்கும் இடத்தின் ஒலி, ஒளி, காற்று ஆகியவற்றையும் பொறுத்தது.

தடுப்புகள் வந்த கதை

அமெரிக்காவின் ஹெர்மன் மில்லர் தளவாட நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த ராபர்ட் புரோப்ஸ்ட், தேவைக்கேற்ப நகர்த்தக்கூடிய தடுப்புகளைக் கொண்ட அலுவலக அமைப்பு ஒன்றை உருவாக்கினார். அது 1968-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பணியாளருக்குத் தனிமையும் தாராளமான இடமும் தருவதே அவருடைய நோக்கம். ஆனால், குறைந்த இடத்தில் அதிகம் பேரை அமர்த்த அது உதவும் என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. விளைவு, வரிசை வரிசையான சிறு பெட்டிகள். பிற்காலத்தில் புரோப்ஸ்ட் அவர்களே இதைக் கடுமையாகக் குறைகூறினார்.

பிறகு தடுப்புகளையும் அகற்றும் போக்கு பரவியது. சுவர் இல்லையென்றால் மக்கள் கலந்து பேசுவார்கள், ஒத்துழைப்பு வளரும் என்பது எதிர்பார்ப்பு. 2018-ஆம் ஆண்டில் ஹார்வர்டு ஆய்வாளர்களான ஈத்தன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் இருவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறானதைக் காட்டியது. திறந்த அமைப்புக்கு மாறிய இரு பெரிய நிறுவனங்களில், நேருக்கு நேர் பேசுவது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. மின்னஞ்சல் பரிமாற்றம் கூடியது. எல்லாருடைய பார்வையிலும் இருப்பவர், காதில் காதொலிக் கருவியை மாட்டிக்கொண்டு தமக்கெனத் தனிமையைத் தேடிக்கொள்கிறார் எனலாம்.

இரைச்சலும் காற்றும்

அலுவலக ஓசைகளில் கவனத்தை மிகவும் சிதறடிப்பது மனிதப் பேச்சுதான். காதில் விழும் சொற்களின் பொருளை மூளை தானாகவே பின்தொடர்கிறது. கணக்கு எழுதுபவரும் கடிதம் தயாரிப்பவரும் மனத்திற்குள் சொற்களையும் எண்களையும் ஓட்டிக்கொண்டே வேலை செய்பவர்கள். பக்கத்து மேசைத் தொலைபேசி உரையாடல் அந்த ஓட்டத்தை அறுத்துவிடுகிறது. ஆகவே, ஓயாமல் பேசவேண்டிய விற்பனைப் பிரிவையும் கணக்குப் பிரிவையும் அருகருகே வைப்பது, இரு தரப்பினருக்கும் இடைஞ்சலே.

அறையைப் புதிதாகப் பிரிக்கும்போது மேற்கூரையிலுள்ள காற்றுத் துவாரங்களை மாற்றாமல் விடுவது இன்னொரு தவறு. தடுப்பு காற்றை மறிக்கிறது. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி மேலாளரின் அறையில் இருந்தால், அவருக்கு இதமான குளிர் மற்றவருக்குத் தொல்லையாகலாம். கணினித் திரைக்குப் பின்னாலோ எதிரிலோ சன்னல் இருந்தால் கண் கூசும். சன்னல் பக்கவாட்டில் இருப்பதே நல்லது.

சட்டம் சொல்வது என்ன?

மலேசியாவில் இது முதலாளியின் தயவைப் பொறுத்த விஷயம் மட்டுமல்ல. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட உட்புறக் காற்றுத் தர விதித்தொகுப்பு, அறை வெப்பநிலை 23 முதல் 26 டிகிரி வரையிலும், ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு வரையிலும் இருக்கவேண்டும் என்கிறது. கரியமில வாயு பத்து இலட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டினால், காற்றோட்டம் போதவில்லை என்பதற்கு அது அறிகுறி. 40 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். நடுங்கும் பணியாளர் தம் குறையை அக்குழுவின் முன் வைக்கலாம். அது முணுமுணுப்பு அல்ல, முறையான கோரிக்கை.

அமைப்பை மாற்றப் பெருஞ்செலவு தேவை என்று முதலாளிமார் அஞ்ச வேண்டியதில்லை. மேசையைத் திருப்பிப் போடுதல், காற்றுத் துவாரத்தின் திசையை மாற்றுதல், அமைதியாக வேலை செய்ய ஓர் அறையை ஒதுக்குதல் ஆகியவை எளிதில் செய்யக்கூடியவை. அதற்கு முன் அந்த நாற்காலிகளில் நாளெல்லாம் அமர்பவர்களைக் கேட்கவேண்டும். வரைபடத்தில் தெரியாத குறைகள் அவர்களுக்குத் தெரியும்.